வெயில் பாத்தியில் சால்வியா: சிவப்பு வாடுகிறது, நீலம் நிற்கிறது, ஏன்?

கேள்வி: வெயில்முற்றம்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டின் மேற்குச் சுவரை ஒட்டி 4 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் உள்ள பாத்தி ஒன்று இருக்கிறது. காலை 11 மணிக்கு அதன்மீது விழத் தொடங்கும் வெயில் மாலை 6 மணி வரை விலகுவதில்லை. பிற்பகலில் சுவரும் காய்ந்து, அந்தச் சூட்டைச் செடிகளின் மீதே வீசுகிறது. இரண்டு மாதங்களுக்கு முன் நாற்றுப் பண்ணை ஒன்றிலிருந்து 12 சிவப்பு சால்வியாவும் 8 நீல சால்வியாவும் வாங்கி நட்டேன். இரண்டின் அட்டையிலும் ‘முழு வெயிலுக்கு ஏற்றது’ என்றே எழுதியிருந்தது.

சிவப்புச் செடிகள் முதல் இரண்டு வாரம் கண்ணைப் பறிக்கும்படி பூத்தன. பிறகு அடி இலைகள் மஞ்சளாகி, ஓரங்கள் கருகி, பூக்கள் கதிரிலிருந்து கொட்டத் தொடங்கின. நண்பகலில் செடி முழுவதும் தொங்கிவிடுவதைப் பார்த்து, காலை, மாலை இரு வேளையும் தண்ணீர் ஊற்றினேன். வலுப்பெறட்டும் என்று தழைச்சத்து மிகுந்த உரத்தையும் இரண்டு முறை கொடுத்தேன். ஆயினும் 12 செடிகளில் 7 போய்விட்டன. அதே மண்ணில், அதே தண்ணீரில் நீலச் செடிகள் எட்டும் நிற்கின்றன. ஆனால் அவற்றின் பூந்தண்டு முழுவதும் மாவு தூவியதுபோல வெள்ளையாக இருக்கிறது. இது சாம்பல் நோயா, மாவுப்பூச்சியா என்று விளங்கவில்லை. வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கலாம் என்று எடுத்து வைத்திருக்கிறேன். தவறு எங்கே நடந்தது, இந்தப் பாத்திக்கு எந்த வகை பொருந்தும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: கதிர்ப்பூ

வணக்கம். முதலில் அந்தக் கரைசலை ஓரமாக வையுங்கள். நீலச் செடிகளுக்கு நோய் எதுவும் இல்லை. நீங்கள் நட்டிருப்பது சால்வியா ஃபாரினேசியா. ‘ஃபாரினா’ என்றால் இலத்தீன் மொழியில் மாவு. பூந்தண்டிலும் பூவைத் தாங்கும் புல்லிவட்டத்திலும் வெண்மையான மென்மயிர் படர்ந்திருப்பது இந்தச் செடியின் இயல்பு. அதை வைத்தே பெயரும் வந்தது. சந்தேகம் தீர வேண்டுமானால் இலைகளின் மேற்பரப்பைப் பாருங்கள். சாம்பல் நோய் என்றால் இலையின்மேல் வட்ட வட்டமாகப் படிந்து, விரலால் தேய்த்தால் பொடியாக ஒட்டிக்கொண்டு வரும். மாவுப்பூச்சி என்றால் இலைக்கணுக்களில் பஞ்சுபோலத் திரண்டு, அழுத்தினால் பிசுபிசுக்கும். தண்டு முழுவதும் ஒரே சீராக வெண்மையாக இருந்து இலைகள் பசுமையாக இருந்தால் கவலை வேண்டாம்.

இனி சிவப்புச் செடிக்கு வருகிறேன். நம்மில் பலருக்கும் ‘சால்வியா’ என்றால் ஒரே செடி, நிறம் மட்டும்தான் வேறு என்ற எண்ணம் இருக்கிறது. உண்மையில் துளசியும் புதினாவும் சேர்ந்துள்ள குடும்பத்தில் மிகப் பெரிய பேரினம் இதுதான். ஏறத்தாழ ஆயிரம் சிற்றினங்கள் இதில் உண்டு. சமையலுக்குப் பயன்படும் சேஜ், ஊறவைத்துச் சாப்பிடும் சியா விதையைத் தரும் செடி இரண்டும் இதில் அடங்கும். தாவரவியலார் இப்போது ரோஸ்மேரியைக்கூடச் சால்வியாவிலேயே சேர்த்துவிட்டனர். இத்தனை விரிந்த கூட்டத்துக்கு வெயிலைத் தாங்கும் திறன் ஒன்றுபோல இருக்க வழியில்லை. ஒரு வகையின் தாயகம் எது என்று தெரிந்துகொண்டால், அதை எங்கே நட வேண்டும் என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

உங்கள் சிவப்புச் செடி சால்வியா ஸ்ப்ளென்டென்ஸ். அதன் தாயகம் பிரேசில் நாட்டின் மலைப்பகுதி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2000 மீட்டருக்கு மேல், காற்றில் ஈரப்பதம் நிறைந்த இடங்களில் வளரும் செடி அது. அங்கே அதற்கும் வெயில் உண்டு, ஆனால் சுட்டெரிக்கும் சுவர் இல்லை. வெயில் மிதமான நாடுகளில் ‘முழு வெயில்’ என்று அட்டையில் எழுதுவது சரியாகவே இருக்கும். அதே சொல்லை நம்பிப் பிற்பகல் வெயிலும் சுவர்ச்சூடும் சேரும் இடத்தில் நட்டால் செடி தாங்காது. எனவே குற்றம் உங்கள் கையில் இல்லை, அட்டையின் சுருக்கத்தில்தான் இருக்கிறது. நீலச் செடியோ டெக்சஸ், நியூ மெக்சிகோ, வடக்கு மெக்சிகோ ஆகிய வறண்ட வெளிகளைச் சேர்ந்தது. தண்ணீர் சற்றுக் குறைந்தாலும், மண் சற்று மெலிந்தாலும் அது பூத்துக்கொண்டே இருக்கும்.

அந்தச் சுவரடியில் சிவப்பு நிறமே வேண்டும் என்றால் சால்வியா காக்சினியாவை நடுங்கள். அதன் பூ ஸ்ப்ளென்டென்ஸைப் போல அடர்த்தியாகத் திரண்டு நிற்காது. மெலிந்த கதிரில் இடைவெளி விட்டு, அடுக்கடுக்காக மலரும். பார்வைக்குச் சற்று எளிமையாகத் தோன்றினாலும் 60 முதல் 90 செ.மீ. வரை உயர்ந்து, வெயிலில் துவளாமல் நிற்கும். விதை தானே விழுந்து அடுத்த பருவத்துக்கு நாற்றுகளும் தந்துவிடும். பாத்தியின் பின்வரிசைக்கு மெக்சிகோவின் சால்வியா லியுகாந்தா மிகப் பொருத்தமானது. ஒரு மீட்டருக்கு மேல் வளைந்து பரவும். ஊதா நிறப் புல்லிவட்டம் வெல்வெட்டைத் தொடுவதுபோல இருக்கும். அதிலிருந்து வெள்ளைப் பூ எட்டிப் பார்க்கும். பகற்பொழுது குறையும் காலத்தில்தான் பூக்கும் என்பதால் அதுவரை வெறும் இலையாக இருக்கிறதே என்று பிடுங்கிவிடக் கூடாது. இரவெல்லாம் விளக்கு வெளிச்சம் விழும் இடத்தில் இது பூப்பது தாமதமாகலாம் என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

படங்களில் அடிக்கடி காணும் ‘காரடோனா’, ‘மைநாக்ட்’ போன்ற கருநீல வகைகள் சால்வியா நெமோரோசா என்ற சிற்றினத்தின் கூட்டத்தைச் சேர்ந்தவை. அவை ஐரோப்பாவின் குளிருக்குப் பழகியவை. குளிர்காலத்தில் அடங்கி உறங்கி, வசந்தத்தில் மீண்டும் துளிர்ப்பவை. ஆண்டு முழுவதும் வெப்பமாக இருக்கும் இடத்தில் அவற்றுக்குப் பணம் செலவழிக்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மறுமொழி 2: மண்வாசல்

கதிர்ப்பூ அவர்கள் வகையைப் பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. ஆயினும் 12 செடிகளில் 7 இறந்ததற்கு வெயில் மட்டுமே காரணம் என்று என்னால் ஏற்க இயலவில்லை. வெயில் இலையைக் கருக்கும், பூவை உதிர்க்கும்; இரண்டு மாதங்களுக்குள் இத்தனை செடிகளைக் கொல்வது பெரும்பாலும் வேரில் நடக்கும் கோளாறு.

நண்பகலில் செடி தொங்குவதைப் பார்த்ததும் தண்ணீர் ஊற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த இடத்தில்தான் பலரும் ஏமாறுகிறோம். வேர் உறிஞ்சும் நீரைவிட இலை வழியாக வெளியேறும் நீர் அதிகமானால், மண்ணில் ஈரம் இருந்தும் இலை துவளும். வெயில் தாழ்ந்ததும் தானே நிமிரும். ஆகவே செடியைப் பார்க்க வேண்டிய நேரம் நண்பகல் அன்று, காலை. காலையிலும் தொங்கிக்கொண்டிருந்தால் இரண்டில் ஒன்று: மண் உண்மையிலேயே காய்ந்திருக்கிறது, அல்லது ஈரம் மிகுந்து வேர் அழுகியிருக்கிறது. விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

உரத்தைப் பற்றியும் ஒரு சொல். ஸ்ப்ளென்டென்ஸ், குறிப்பாக இளம் பருவத்தில், மண்ணில் உப்பு ஏறுவதைத் தாங்காது. துவண்ட செடிக்கு உரமிடுவது, பசியற்ற நோயாளிக்கு விருந்து படைப்பதைப் போன்றது. வேர் வேலை செய்யாத நிலையில் இட்ட உரம் அங்கேயே தங்கி, இலை ஓரத்தைக் கருக்கும். தழைச்சத்து மிகுந்தால் நன்றாக இருக்கும் செடியிலும் இலைதான் பெருக்கும், பூ குறையும்.

ஒரு உதவி செய்யுங்கள். இறந்த செடிகளில் ஒன்றையும், பிழைத்திருக்கும் சிவப்புச் செடிகளில் மிக மெலிந்த ஒன்றையும் வேர்க்கட்டியோடு தோண்டி எடுத்து, அது எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

வெயில்முற்றம்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நீலச் செடியின் இலைகளைத் தேய்த்துப் பார்த்தேன். கையில் எதுவும் ஒட்டவில்லை. தண்டின் வெண்மை இயல்பானது என்று அறிந்ததும் ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி முடியாது.

சொன்னபடி இரண்டு செடிகளைத் தோண்டினேன். இறந்த செடியை இழுத்தபோது, இரண்டு மாதங்களுக்கு முன் தொட்டியிலிருந்து எடுத்து வைத்த அதே வடிவில், கட்டியாக வெளியே வந்தது. தேங்காய் நார்த்துகள் கட்டியின் உள்ளே சொதசொதவென்று ஈரம். சுற்றியுள்ள தோட்ட மண்ணோ களிமண்ணாக இறுகியிருக்கிறது. கட்டியைச் சுற்றி வேர்கள் நூற்கண்டுபோல வளைந்து வளைந்து ஓடியிருக்கின்றனவே தவிர, ஒன்றுகூட வெளி மண்ணுக்குள் போகவில்லை. வேர் பழுப்பு நிறத்தில் இருந்தது. இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தபோது மேல்தோல் உறைபோலக் கழன்று வந்து, உள்ளே மெல்லிய நூல் மட்டும் நின்றது. மெலிந்த செடியில் பாதி வேர் இப்படியும் பாதி வெண்மையாகவும் இருக்கிறது.

மறுமொழி 2 தொடர்ச்சி: மண்வாசல்

வேரின் தோல் உறைபோலக் கழன்று, நடுநூல் மட்டும் மிஞ்சுவது வேரழுகலின் தெளிவான அடையாளம். நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். நார்த்துகள் கட்டியைக் களிமண்ணில் வைத்தபோது, குழி ஒரு கிண்ணம்போல ஆகிவிட்டது. ஊற்றிய தண்ணீர் வடியாமல் அதிலேயே தங்கியது. ஏற்கெனவே சுருண்டிருந்த வேர் வெளியேற வழியின்றி அந்த ஈரத்திலேயே கிடந்தது. வெயிலில் வாடிய இலையைப் பார்த்து நீங்கள் மேலும் நீர் விட்டீர்கள். நீலச் செடியின் வேர் எப்படியோ வெளி மண்ணைத் துளைத்துப் போய்ப் பிழைத்திருக்கும்.

பாத்தியை மீண்டும் நடும் முன் மண்ணை ஓரடி ஆழம் கொத்தி, மட்கிய தொழு உரமோ இலைமட்கோ நன்றாகக் கலந்து, 15 முதல் 20 செ.மீ. உயரத்துக்கு மேட்டுப்பாத்தியாக அமையுங்கள். களிமண்ணோடு மணலை மட்டும் சிறிதளவு கலக்க வேண்டாம். அது மேலும் இறுகவே செய்யும். நடும்போது கட்டியின் பக்கங்களை விரலால் பிரித்து, சுருண்ட வேர்களை வெளிப்புறமாக விரித்துவிடுங்கள். நாலைந்து வேர் அறுந்தாலும் பாதகமில்லை. தொட்டியில் இருந்த மட்டத்திலேயே நடுங்கள், தண்டு மண்ணில் புதைய வேண்டாம். ஈரம் காக்க 5 செ.மீ. கனத்துக்கு மூடாக்கு (மண்ணை மூடும் காய்ந்த இலை, வைக்கோல் போன்றவை) போடலாம், ஆனால் அது தண்டைத் தொடாமல் நான்கு விரல் தள்ளி இருக்கட்டும்.

நட்ட முதல் மூன்று வாரம் கட்டி காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு மேல்மண் காய்ந்தபின் ஒரு முறை, ஆழமாக நனையும்படி ஊற்றுங்கள். தினமும் இரு வேளை மேலோட்டமாகத் தெளிப்பதைவிட அது எத்தனையோ மேல். இலையில் படாமல் அடியில் ஊற்றுவது நல்லது.

மறுமொழி 3: விதைக்கூடை

பிழைத்துள்ள சிவப்புச் செடிகளை முழுமையாக நம்பியிருக்காமல், இன்றே அவற்றிலிருந்து குச்சி வெட்டி வைத்துவிடுங்கள் என்று சொல்லவே இதை எழுதுகிறேன். வேரில் அழுகல் இருந்தாலும், மேலே நோயின்றித் துளிர்த்த தண்டு பயன்படும். பூக்கதிர் வராத நுனியாகப் பார்த்து, 8 முதல் 10 செ.மீ. நீளத்தில், ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே கூர்மையான கத்தியால் வெட்டுங்கள். நுனியில் இரண்டு ஜோடி இலை போதும், மற்றவற்றை நீக்கிவிடுங்கள். ஈரமான மணலும் நார்த்துகளும் பாதிப் பாதி கலந்த புதிய கலவையில் செருகி, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வைத்தால் ஏறத்தாழ மூன்று வாரத்தில் வேர் பிடிக்கும். பழைய மண்ணையோ, கழுவாத தொட்டியையோ பயன்படுத்த வேண்டாம்.

காக்சினியாவையும் ஃபாரினேசியாவையும் விதையிலிருந்தே எளிதாக வளர்க்கலாம். பூ உதிர்ந்தபின் காய்ந்த புல்லிவட்டத்தைக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் நான்கு விதைகள் இருக்கும், பல சமயம் இரண்டோ மூன்றோதான் முற்றியிருக்கும். பல சால்வியா வகைகளின் விதை நனைந்ததும், சப்ஜா விதைபோலத் தன்னைச் சுற்றிக் கொழகொழப்பான உறையை உண்டாக்கிக்கொள்ளும். அதைப் பூஞ்சை என்று நினைத்துக் கழுவித் தூக்கி எறிந்தவர்களை நான் அறிவேன். விதையை ஆழமாகப் புதைக்காமல் ஈரக் கலவையின்மேல் தூவி, லேசாக அழுத்திவிட்டால் போதும். ஸ்ப்ளென்டென்ஸ் விதைக்கு முளைக்க வெளிச்சமும் தேவை. 21 முதல் 24 டிகிரி வெப்பத்தில் இரண்டு வாரம் அளவில் முளைத்துவிடும். முளைத்தபின் நெருக்கமாக விட்டு, ஈரத்தையும் மிகுதியாக வைத்தால் நாற்றழுகல் வரும், காற்றோட்டம் முக்கியம். கலப்பின வகைகளின் விதையிலிருந்து தாய்ச்செடியின் உயரமோ நிறமோ அப்படியே வரும் என்று எதிர்பார்க்க முடியாது. அதே செடி வேண்டுமென்றால் குச்சிதான் வழி.

நாற்று மூன்று, நான்கு ஜோடி இலை விட்டதும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். மனம் வராது, தெரியும். முதல் கதிர் இரண்டு வாரம் தள்ளிப்போகும். ஆனால் கிள்ளிய இடத்துக்குக் கீழே இரு பக்கமும் கிளை எழும்பி, ஒரு கதிருக்குப் பதில் நான்கைந்து கதிர் கிடைக்கும். வாடிய கதிரை அவ்வப்போது நீக்குவதும் அப்படித்தான். ஸ்ப்ளென்டென்ஸில் பூக்குழல் உதிர்ந்த பின்னும் புல்லிவட்டம் சிவப்பாகவே இருப்பதால் கதிர் இன்னும் பூத்திருப்பதுபோலத் தோன்றும். அருகில் சென்று பார்த்தால்தான் நிறம் மங்கி வெறுமையாக இருப்பது தெரியும். அந்த நேரத்தில் கீழே உள்ள இலை ஜோடிவரை வெட்டிவிட்டால் அடுத்த சுற்றுப் பூ விரைவில் வரும்.

மறுமொழி 4: தேனீத்தடம்

ஒரு சிறு மாற்றுக் கருத்து. சிவப்பு ஸ்ப்ளென்டென்ஸை அந்தப் பாத்தியிலிருந்து முற்றிலும் விலக்க வேண்டியதில்லை. வெப்பம் தணிந்த மாதங்களில் அதே இடத்தில், 25 முதல் 30 செ.மீ. இடைவெளியில், வடிகால் சரிசெய்த மண்ணில் நட்டால் அது நன்றாகவே பூக்கும். அதை ஒரு பருவத்துச் செடியாக மட்டும் கருதி, கோடை தொடங்கும்போது எடுத்துவிட வேண்டும். கோடையிலும் வைத்திருக்க விரும்பினால் காலை வெயில் மட்டும் படும் கிழக்குப் பக்கம் மாற்றுங்கள்.

சுவரடிச் சூட்டில் உங்களுக்கு வரக்கூடிய உண்மையான தொல்லை சிலந்திப்பேன். இலையின் மேற்புறம் ஊசியால் குத்தியதுபோல மங்கிய புள்ளிகள் தெரிந்தால், இலையைத் திருப்பி ஒரு வெள்ளைத் தாளின்மேல் தட்டுங்கள். தூசிபோல விழுந்தவை நகர்ந்தால் அவைதான். தொடக்கத்திலேயே இலையின் அடிப்புறம் படும்படி வலுவாகத் தண்ணீர் பீய்ச்சினால் பெருமளவு கட்டுப்படும். செடியை அசைத்ததும் வெள்ளைத்துகள் பறந்தால் அது வெள்ளை ஈ. அதற்கு வேப்பெண்ணெய்க் கரைசல் உதவும். ஆனால் தெளிப்பதை மாலையில், தேனீக்கள் அடங்கியபின் வைத்துக்கொள்ளுங்கள்.

இதை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. நீலச் செடியில் அன்று மலர்ந்த ஒரு பூவை எடுத்து, மெல்லிய புல் காம்பை அதன் தொண்டைக்குள் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். உள்ளே ஏற்றக்கோல்போல அமைந்த இரண்டு மகரந்தத் தாள்களின் அடிப்பகுதி காம்பை மறிக்கும்; அதை உந்தியதும் மேலே மறைந்திருந்த மகரந்தப் பைகள் கீழிறங்கிக் காம்பின் முதுகில் பொடியைப் பூசும். காம்புக்குப் பதில் தேனீ நுழைந்தால் அதன் முதுகில் பூசும். பூ சற்று முதிர்ந்தபின் சூல்தண்டு கீழே வளைந்து, அடுத்து வரும் தேனீயின் முதுகில் அதே இடத்திலிருந்து மகரந்தத்தை எடுத்துக்கொள்ளும். ஐரோப்பாவின் புல்வெளிச் சால்வியாவில் இந்த அமைப்பை ஸ்ப்ரெங்கல் என்ற ஜெர்மானியர் 1793ஆம் ஆண்டிலேயே விவரித்திருக்கிறார். சிவப்பு ஸ்ப்ளென்டென்ஸின் நீண்ட குழல் தேனீக்கானது அன்று, தாயகத்தில் ஓசனிச்சிட்டு என்னும் தேன் குடிக்கும் சிறு பறவைகளுக்கானது. அதனால்தான் உங்கள் தோட்டத்தில் தேனீக்கள் நீலத்தையே அதிகம் நாடுவதைக் காண்பீர்கள்.

வெயில்முற்றம்

புல் காம்பை வைத்துப் பார்த்தேன். முதல் பூவில் வேகமாகத் தள்ளி உடைத்துவிட்டேன்; இரண்டாவதில் அந்த இரு கைகளும் இறங்கி வந்து தொட்டதை என் மகளும் பார்த்தாள். இரண்டு மாதம் தினமும் தண்ணீர் ஊற்றியும் இதை ஒருமுறைகூடக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.

முடிவு இதுதான்: பாத்தியை உயர்த்தி, பின்வரிசையில் மூன்று லியுகாந்தா, நடுவில் காக்சினியா, முன்வரிசையில் இப்போதுள்ள நீலம். பிழைத்த ஐந்து சிவப்புச் செடிகளிலிருந்தும் 14 குச்சிகள் எடுத்துச் செருகியாயிற்று. வேர் பிடித்ததும் கிழக்குப் பக்கம் போகும். கடைசியாக ஒன்று கேட்க வேண்டும்: லியுகாந்தாவை எத்தனை இடைவெளியில் நடுவது, எப்போது வெட்டுவது?

கதிர்ப்பூ

செடிக்குச் செடி ஒரு மீட்டராவது விடுங்கள். முதலில் வெறிச்சென்று தெரியும், ஆனால் ஒரே ஆண்டில் நிறைந்துவிடும். சுவரிலிருந்தும் அரை மீட்டர் தள்ளி நடுங்கள், காற்றோட்டமும் கிடைக்கும், சூடும் குறையும். பூத்து ஓய்ந்தபின் உடனே வெட்டாமல், அடியிலிருந்து புதிய துளிர் கிளம்புவது கண்ணுக்குத் தெரியும்வரை பொறுத்து, பிறகு பழைய தண்டுகளைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு வெட்டிவிடலாம். அதன்பின் வளரும் தண்டுகளின் நுனியை ஓரிரு முறை கிள்ளினால் செடி சாயாமல் அடர்ந்து நிற்கும். ஆனால் பகற்பொழுது குறையத் தொடங்கும் காலத்துக்குப் பிறகு கிள்ள வேண்டாம், அந்த நுனிகளில்தான் கதிர் வரும்.